சுண்ணாம்பு என்று சொல்லக் கூடாத ஓட்டல்

குளச்சலில் நான் குடியிருந்த ஓட்டலில் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை உண்டு. ஆனால் சுண்ணாம்பு என்ற சொல்லை அங்கே யாரும் வாயால் சொல்லக் கூடாது. கல்லாவில் இருக்கும் முதலாளி அண்ணாச்சியே வெற்றிலையில் அதைத் தடவி, பாக்கு வைத்து, மடித்துக் கையில் கொடுப்பார். "மத்தது கூட்டியா, கொறச்சா?" என்று மட்டும் கேட்பார். வெளியூர்க்காரர் யாராவது விவரம் தெரியாமல் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் மாடிப்படியைத் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து இலைக்காரர் மோரை வேண்டாமென்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். இந்தப் பயத்தில் அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. அடுக்களைப் புகையும் கடற்காற்றும் சேர்ந்து சுவரெல்லாம் கருவாட்டு நிறத்துக்கு வந்திருந்தது.

காரணம், மாடி மூலை அறையில் இருந்த யட்சி. தனியாக வரும் ஆணிடம் யட்சி சுண்ணாம்பு கேட்பாள் என்பதும், கொடுக்கக் கை நீட்டினவனின் நகமும் முடியும்தான் காலையில் மிஞ்சும் என்பதும் எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். மற்ற ஊர்களில் அவள் பாலை மரத்தடியில் நிற்பாள். குளச்சலில் அவள் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

அந்தக் கட்டடம் முதலில் ஓட்டல் இல்லை. கயிறும் மிளகும் கப்பலேறின காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டிய கிட்டங்கி அது. கீழே சரக்கு, மேலே துரையின் வீடு. கப்பல் வரத்துக் குறைந்ததும் கம்பெனி பூட்டிக்கொண்டு போனது. சும்மா கிடந்த கட்டடத்தை அண்ணாச்சியின் அப்பா வாங்கிக் கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே தங்குவதற்கு நாலு அறைகளுமாக மாற்றினார். முழங்கை அகலச் சுவர், தேக்கு உத்திரம், மிதித்தால் முனகும் மரப்படி. பேய்க்கு வேண்டிய வசதிகளில் ஒன்றும் குறைவில்லை.

ஆனால் அது என்ன பேய் என்பதில் ஊர் ஒத்துப்போகவில்லை. துரையின் மனைவி கப்பலைப் பார்த்துக்கொண்டே ஜன்னலோரத்தில் இறந்துபோனாள் என்றார்கள் சிலர். படிக்கட்டுக்கு வெட்டிய மரங்களில் ஒன்று பாலை என்றும், மரத்தோடு யட்சியும் வந்துவிட்டாள் என்றும் எங்கள் ஓட்டல் சமையல்காரர் சொல்வார். எதிரே சாயாக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவருக்கு அது ஜின். கடற்கரைத் தெருக் கத்தோலிக்கப் பெண்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் மோட்சத்துக்குக் காத்திருக்கிற ஆத்துமா என்று இரங்கி, அந்த ஜன்னலைப் பார்த்துச் சிலுவை போடுவார்கள். சீர்திருத்த சபையைச் சேர்ந்த எங்களுக்கு இதெல்லாமே பிசாசின் தந்திரம். இத்தனை வேதங்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றன. அது எதுவானாலும் சுண்ணாம்பு கேட்கும்.

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டாம் வருடம் நான் ஆசிரியை வேலைக்காகக் குளச்சலுக்கு வந்தேன். எங்கள் ஊர் குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். ஒன்று தவறினால் அடுத்தது வருமென்று சொல்ல முடியாது. அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். தங்குவதற்கு மரியாதையான இடம் கிடைத்தால் வேலை பார்க்கலாம், கிடைக்காவிட்டால் திரும்பி வந்து புதுக்கடை ஜவுளிக்கடைக்காரரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். ஜவுளிக்கடைக்காரர் முதல் மனைவியை இழந்தவர். என்னைவிட என் பெரியப்பாவுக்குத்தான் அவர் பொருத்தமான வயது. எனக்கோ அந்த வேலை உயிர். பள்ளிக்கூடத்தில் என் பெயருக்குப் பின்னால் டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே பிறந்தவள் போல இருந்த காலம் அது.

தனியாக வந்த குமரிப் பெண்ணுக்குக் குளச்சலில் யார் வீடு கொடுப்பார்கள்? கத்தோலிக்கத் தெருவில் நீ எந்தச் சபை என்று கேட்டார்கள். முஸ்லிம் தெருவில் கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். எங்கள் சபைப் போதகருக்கே வீடு ஒரே அறை. கடைசியில் டிரங்குப் பெட்டியும் குடையுமாக அந்த ஓட்டல் வாசலில் நின்றேன். பெண்களுக்கு அறை கொடுக்கிற வழக்கமில்லை என்று அண்ணாச்சி கையை விரித்துவிட்டார். நான் திரும்பப் போனபோதுதான் அடுக்களை வாசலில் அவருடைய மனைவி வந்து நின்றாள். மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "மேல மூல முறி சும்மா தானே கெடக்கு, அதக் குடும். அந்த வாசல்ல ஒருத்தனும் எட்டிப் பாக்கமாட்டான்" என்றாள்.

அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். சுசீந்திரம் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரி. அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அன்றைக்கு அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். பல வருடமாக ஆள் நுழையாத அறை என்று சொன்னார்களே தவிர, ஒட்டடை அவ்வளவாக இல்லை. ஜன்னலைத் திறக்க நான் மல்லுக்கட்டியபோது அவள் என்னை விலக்கிவிட்டு, கொண்டியைக் கொஞ்சம் தூக்கி இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. அந்த ஜன்னல் நிறையக் கடல் இருந்தது.

அந்த அறையை நான் இன்னும் மறக்கவில்லை. விடிகாலையில் பாங்கொலி, அதன் பின்னாலேயே கோயில் மணி, அதற்கும் பின்னால் கரையில் மீன் ஏலம் கூறுகிற குரல். கீழேயிருந்து புட்டு வேகிற வாசனை மரப்படி ஏறி வரும். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். பல நாள் மதியம் மரச்சீனிக்கிழங்கும் மத்திக் குழம்பும்தான். அதைத் தட்டில் வைத்து அக்காவே மேலே கொண்டு வருவாள், பரிமாறுகிற ஆண்களை அனுப்பவே மாட்டாள். சாயங்காலம் அடுப்பு தணிகிற நேரத்தில் வந்து ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். சுண்ணாம்பு டப்பியை இடுப்பில் ஒளித்து வைத்திருப்பாள். நான் பிள்ளைகளின் சிலேட்டுக் கணக்குகளைப் பற்றிச் சொல்வேன், அவள் வயற்காட்டைப் பற்றிச் சொல்வாள். பாதி நேரம் இரண்டு பேரும் கடலைப் பார்த்திருப்போம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறேன், அப்படி ஓர் அமைதி வேறெங்கும் வாய்க்கவில்லை.

பேயா? ஒரு நாளும் பார்க்கவில்லை. ஆனால் அதன் புண்ணியத்தில் நான் நிம்மதியாக இருந்தேன். ஓட்டல் நிறைய ஆண்கள். லாரிக்காரர்கள், மீன் வியாபாரிகள், கோர்ட்டுக் கேஸுக்கு வருகிறவர்கள். ஒருத்தராவது என் கதவுப் பக்கம் வந்ததில்லை. தாழ்ப்பாள்கூடப் பேருக்குத்தான் போடுவேன். பெரியப்பா ஒரு முறை இடத்தைப் பார்க்க வந்தார். சபை மூப்பர், பேய் பிசாசெல்லாம் அஞ்ஞானம் என்று கீழே அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். மேலே வந்து அறையைப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது, முட்டு வலிக்கிறது என்றார். ஆண்கள் நெருங்காத அறை என்பது அவருக்கே ருசுவாகிவிட்டதால் சம்மதித்துப் போனார்.

அண்ணாச்சிக்கும் லாபம்தான். மற்ற மூன்று அறைகளுக்கு ஆள் தயங்கினால், பேயின் அறையிலேயே ஒரு குமரிப் பிள்ளை இருக்கிறாள், உமக்கென்ன என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுவார். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து வலைநூல் வியாபாரி ஒருவர் வரத் தொடங்கினார். வாட்டசாட்டமான ஆள், மீசையை முறுக்கிக்கொண்டேதான் பேசுவார். கடலைப் பார்த்த அந்த மூலை அறை அவர் கண்ணைக் குத்தியது. வருடம் முழுக்கத் தன் பேருக்கே எடுத்துக்கொள்வதாகவும், பெரிய வாடகை தருவதாகவும் சொன்னார். ஒரே நிபந்தனை, யட்சியை வெளியேற்றிவிட வேண்டும். அவ்வளவு பெரிய மீசைக்கு அது ஒன்றுதான் தடை. அண்ணாச்சிக்கு ஆசை பிடித்தது. மேற்கே எல்லைப்புறத்தில் பேர்போன மந்திரவாதி ஒருவருக்கு ஆள் அனுப்பினார். என்னிடம் வந்து, டீச்சர் வேறே இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

மறுபடியும் தெருத் தெருவாக அலைந்தேன். கேள்விகள் அதேதான், பதிலும் அதேதான். பெரியப்பாவுக்குத் தகவல் போய், திங்கட்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியனுப்பினார். ஜவுளிக்கடைக்காரர் இன்னும் காத்திருக்கிறாராம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது எனக்கே எட்டாம் வாய்ப்பாடு மறந்துபோயிற்று.

மந்திரவாதி வெள்ளிக்கிழமையன்று வந்தார். அறையின் நடுவில் அரிசி மாவால் களம் எழுதி, செம்பருத்தியும் பொரியும் வைத்து, சேவல் ஒன்றைக் காவு கொடுத்து, உடுக்கை அடித்துப் பாடினார். கேட்டதையெல்லாம் அக்கா அடுக்களையிலிருந்து கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வாடிக் கிடந்தது. எனக்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன். நான் நடையில் ஒதுங்கி நின்று ஜெபம் செய்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். கர்த்தாவே, அந்தப் பேயை மட்டும் கைவிட்டுவிடாதேயும் என்றுதான் மன்றாடினேன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள் அப்படி ஒரு விண்ணப்பம் வைத்தால் பரலோகத்தில் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. கடைசியில் மந்திரவாதி ஜன்னல் நிலையில் ஓர் இரும்பாணியை அறைந்து, யட்சியை அதில் கட்டிவிட்டதாகச் சொல்லி, தட்சிணையோடு கிளம்பினார்.

அண்ணாச்சியின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாளே எல்லா மேஜையிலும் சுண்ணாம்பு டப்பி வைத்தார். முற்றத்தில் இரண்டு பீப்பாய் நிறையச் சுண்ணாம்பு நீற்றி, கட்டடம் முழுக்க வெள்ளையடிக்க ஆள் விட்டார். அவர்கள் மாடிச் சுவரைச் சுரண்டிச் சுரண்டி, என் பெட்டி படுக்கை எல்லாம் தூசி. அன்று சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையை ஆறவிட்டு, மிச்சத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் வேலையாட்கள் போய்விட்டார்கள். அவர்கள் உத்திரத்திலிருந்த குளவிக்கூட்டை அரைகுறையாகக் கலைத்துவிட்டுப் போனது எனக்குத் தெரியாது. கொடியில் கிடந்த துணிக்காகக் கையைத் தூக்கினேன். ஒரு குளவி வந்து மேலுதட்டில் கொட்டியது.

உயிர் போகிற வலி. உதடு நொடியில் வீங்கி, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. குளவி கொட்டினால் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது. முற்றத்துப் பீப்பாயைத் தேடித்தான் இறங்கினேன். படிக்கட்டில் வெளிச்சம் குறைவு. நடுப்படியில் வலைநூல் வியாபாரி தன் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். அறை காலியாகும் முன்னாலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வந்திருப்பார் போல. நின்று, வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து, காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு டப்பி. அந்த நேரத்தில் எனக்கு அது தெய்வமாகத் தெரிந்தது. மற்றது ஒன்றும் தோன்றவில்லை.

"கொஞ்சம் சுண்ணாம்பு தாரேளா?" என்று கேட்டுக் கையை நீட்டினேன்.

வீங்கின வாயில் அது என்ன குரலில் வந்ததோ. வெள்ளைச் சேலை, விரித்த தலை, முகமெல்லாம் சுவர்த் தூசி, கோணின வாய். மனிதர் என்னை ஒரு கணம்தான் பார்த்தார். பை ஒரு பக்கம், டப்பி ஒரு பக்கம் எறிந்துவிட்டு, படி எத்தனை என்று பாராமல் உருண்டு இறங்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நடுவே புகுந்து தெருவில் ஓடினார். அந்த ஓட்டம் பஸ் நிற்கும் இடத்தில்தான் நின்றதாம். அவர் பின்னாலேயே சாப்பிட்டவர்களும் எச்சில் கையோடு எழுந்து ஓடினார்கள்.

என்ன நடந்தது என்று புரிவதற்குள் அக்கா பின்வாசல் வழியாக வந்து என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். உதட்டில் சுண்ணாம்பைத் தடவினாள். தலையைச் சுருட்டி முடிந்து, தேங்காய்த் துருவியின் முன்னால் உட்கார வைத்து, கையில் ஒரு மூடித் தேங்காயையும் கொடுத்தாள். அண்ணாச்சி வெளிறிப்போய் உள்ளே வந்து, டீச்சர் எங்கே என்று கேட்டார்.

"கண்ணு தெரியலியா? இந்நேரமட்டும் எனக்கக்கூட இருந்து தேங்கா திருவிட்டுல்லா இருக்கு. பாவம், பல்லு வேதனைல மொகம் வீங்கிப் போச்சு" என்றாள் அக்கா.

அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்திருக்க வேண்டுமே. இல்லை. உப்புப் போட்டாயிற்று என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நான் தேங்காயைத் துருவினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் தானாகவே நடந்தது. மந்திரவாதியை மறுபடி கூட்டி வந்து கேட்டதற்கு அவர் அண்ணாச்சியின் மேலேயே பாய்ந்தார். கட்டி வைத்ததென்னவோ வாஸ்தவம், ஆனால் மறுநாளே பீப்பாய் பீப்பாயாகச் சுண்ணாம்பு நீற்றி விருந்து வைத்தால் எந்த யட்சி கட்டுக்குள் கிடப்பாள் என்று கேட்டார். டப்பிகள் மேஜையிலிருந்து மறைந்தன. வெள்ளையடிப்பு பாதியோடு நின்றது. தெருப் பக்கம் வெள்ளையும் கடல் பக்கம் கருவாட்டு நிறமுமாக அந்தக் கட்டடம் அதன் பிறகு அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை பெரியப்பா வந்தபோது அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் ஓட்டலில் ஈ கூட நுழையாது, பயமில்லாமல் ஒருத்தி இருக்கிறாள் என்பதைப் பார்த்துத்தான் நாலு பேர் வருகிறார்கள் என்று கெஞ்சினார். பெரியப்பாவுக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. கிறிஸ்தவப் பிள்ளையிடம் பிசாசு நெருங்காது என்று ஊரறியச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார். ஜவுளிக்கடைக்காரர் அடுத்த தை மாதம் வேறு யாரையோ கட்டினார். நான் மூன்றாம் வகுப்புக்கு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த அறையில் இருந்தேன். எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருடம் நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்தது. நான் கேட்டு வாங்கியதுதான். அங்கே சின்ன வீடு ஒன்று பார்த்து, அம்மாவையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

கடைசிச் சாயங்காலம் அக்கா வழக்கம் போல ஜன்னல் கட்டையில் வந்து உட்கார்ந்தாள். மந்திரவாதி அடித்த ஆணி துருப்பிடித்துப் பக்கத்திலேயே இருந்தது. அதில் அவள் வெற்றிலைப் பையை மாட்டிவிட்டு, பாக்கு வெட்டத் தொடங்கினாள். அன்றைக்கு எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"மொதல்ல சுண்ணாம்பு கேட்டது யாருன்னு நெனச்சிய டீச்சரே?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் மெல்லச் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிது. கடலையே பார்த்திராதவள். கீழே மாமியார், கொழுந்தன்மார், சமையலாட்கள், சாப்பிட வருகிறவர்கள் என்று எந்நேரமும் ஆட்கள். தலை துவட்டக்கூட ஒதுங்க இடமில்லை. ஒரு நாள் குளித்த தலையோடு யாருக்கும் தெரியாமல் மேலே ஏறி, காலியாகக் கிடந்த இந்த அறையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்கினாள். கையில் வெற்றிலை இருந்தது, சுண்ணாம்பு இல்லை. படியில் நின்ற ஓர் ஆளிடம் கேட்டாள். அவன் அலறிக்கொண்டு ஓடினான்.

"சொல்லணும்னுதான் எறங்கி வந்தேன். அதுக்குள்ள, இனிமே அந்த முறிக்கு ஒருத்தரும் போவப்பிடாதுன்னு எனக்க மாமியாரு சொல்லியாச்சு. நான் வாய் மிண்டாம இருந்துட்டேன். அதுக்கப்புறம் தெனமும் அந்திக்கு இங்க வந்து கொஞ்ச நேரம் இருப்பேன். ஒருத்தரும் தேடி வரமாட்டாவ."

கப்பலைப் பார்த்திருந்த துரைசானி, பாலை மரப் படிக்கட்டு, ஜின், உத்தரிக்கிற ஆத்துமா எல்லாம் என் கண்முன் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன. ஊரையே பயமுறுத்திய அந்தப் பழங்காலத்துப் பேய் என் முன்னால் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், டிரங்குப் பெட்டியோடு நான் வாசலில் நின்ற அந்த நாள் நினைவு வந்தது. அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, யோசிக்காமல், மேல மூல முறியைக் குடும் என்று சொன்னாளே.

யாருக்கும் வேண்டாத ஓர் அறையை எனக்குத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் ஏழு வருடமும் நினைத்திருந்தேன். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்தபடியே, ஜன்னலைத் திறக்கும்போது கொண்டியைத் தூக்கி இழுக்க மறந்துவிடாதே என்றாள். பிறகு, நாளை முதல் அதைத் திறப்பது தன் பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.